துள்ள மாட்டேன்னு அடம்புடிச்ச பேஸ்லைன்: 11 வெர்ஷனோட முழு கதை

சமீபத்துல முடிச்ச ஒரு ஹவுஸ் (எலக்ட்ரானிக் டான்ஸ் மியூசிக்) ட்ராக் பத்தி எழுதறேன். ட்ராக்ல பெருசா ஒண்ணும் இல்ல, 126 பிபிஎம் (நிமிஷத்துக்கு 126 பீட்), வோக்கல் கிடையாது, ஒரு கிக், கிளாப், ஹை-ஹேட், நடுவுல ஒரு கார்ட் ஸ்டாப் (சட்டுனு அடிச்சு நிக்கற ஸ்வரக் கூட்டு), அப்புறம் பேஸ். இதுல பேஸ் மட்டும் 11 வெர்ஷன் தின்னுச்சு. முதல் 6 வெர்ஷன் வரைக்கும் நான் தப்பான இடத்துல தோண்டிட்டு இருந்திருக்கேன், அது பின்னாடிதான் புரிஞ்சுது. இதே மாதிரி மாட்டிக்கறவங்க நிறைய பேர் இருப்பாங்கன்னு தோணுது, அதான் நம்பரோட எழுதி வைக்கறேன்.

முதல் வெர்ஷனை டிஜே பண்ற நண்பர் ஒருத்தருக்கு அனுப்பினேன். பதில் ஒரே வரி. "மச்சி, பேஸ் இருக்கு, ஆனா கால் நகரல."

கோவம் வந்துச்சு, ஏன்னா சவுண்ட் நல்லாத்தான் இருந்துச்சு. சீரம்ங்கற சாஃப்ட்வேர் சின்த்ல ஒரு சா வேவ், கீழ ஒரு சைன் சப் (ரொம்ப அடியில இருக்கற பேஸ்), கொஞ்சம் டிஸ்டார்ஷன், தனியா சோலோ பண்ணி கேட்டா மிரட்டும். பேட்டர்னும் எல்லாரும் போடறதுதான், கிக் நாலு பீட்லயும், பேஸ் ரெண்டு கிக்குக்கு நடுவுல ஆஃப்பீட்ல. ஒரு பாரை 16 ஸ்டெப்பா பாத்தா கிக் 1, 5, 9, 13, பேஸ் 3, 7, 11, 15. இதை விட எளிமையா துள்ளல் வரவைக்க வழியே இல்லன்னு சொல்வாங்க. எனக்கு வரல.

அடுத்த அஞ்சு வெர்ஷன்ல என்ன பண்ணேன்னு சுருக்கமா சொல்லிடறேன், ஏன்னா எல்லாமே வீண். ப்ரீசெட் (ரெடிமேட் சவுண்ட் செட்டிங்) மாத்தினேன். இன்னொரு சின்த்துக்கு போனேன். மேல ஒரு லேயர் சேத்தேன், அப்புறம் இன்னொரு லேயர். சேச்சுரேஷன் (மெல்லிசான டிஸ்டார்ஷன்) ஏத்தினேன். நாலாவது வெர்ஷன்ல ஸ்விங்கை (சில ஸ்டெப்பை கொஞ்சம் லேட்டாக்கற செட்டிங்) ஏத்தி பாத்தேன், 54, 58, 62ன்னு போயிட்டே இருந்தேன், ஹேட் மட்டும் ஆடுச்சு, பேஸ் அசையவே இல்ல. ஸ்விங் வேலை செய்யலையோ, சாஃப்ட்வேர்ல ஏதோ பிரச்சனையோன்னு ப்ராஜெக்டை மூடி திறந்தேன்னா பாத்துக்கோங்க.

காரணம் ரொம்ப சின்னது. 16 ஸ்விங்ன்னா ரெட்டைப்படை ஸ்டெப்புகள் மட்டும்தான் தள்ளிப் போகும், அதாவது 2, 4, 6, 8ன்னு. 3, 7, 11, 15 எல்லாம் ஒத்தைப்படை, அது கிரிட்லயே ஒட்டிக்கும். என் பேஸ்ல ஒரு நோட் கூட ரெட்டைப்படை ஸ்டெப்ல இல்ல, அப்ப எது நகரும்? ரோஜர் லின் 1980ல எல்எம்-1 ட்ரம் மெஷின்ல இந்த ஸ்விங்கை வச்ச காலத்துலேர்ந்து கணக்கு இதான், 1988ல வந்த எம்பிசி60 பீட் மெஷின்லயும் இதான். 50 சதவீதம்னா நேர், 66க்கு பக்கத்துல போனா ட்ரிப்லெட். சில சாஃப்ட்வேர்ல 50க்கு பதிலா 0 நேர்னு வச்சிருப்பாங்க, அதையும் கவனிக்கணும். இதெல்லாம் எனக்கு தெரிஞ்ச விஷயம்தான், ஆனா தெரிஞ்சதும் ஸ்டெப் எண்ணி பாக்கறதும் வேற வேற போல.

ஆறாவது வெர்ஷனுக்கு அப்புறம் கேக்கறதை நிறுத்திட்டு பாக்க ஆரம்பிச்சேன். கிக்கும் பேஸும் மட்டும் ஒரு பஸ்ல (ரெண்டு சேனலும் ஒண்ணா சேர்ற வழி) போட்டு ஆடியோவா எடுத்து, ஒரு பாரை திரை முழுக்க ஜூம் பண்ணேன். அங்க இருந்தது ஒரு தடிமனான கயிறு. அங்கங்க கொஞ்சம் இளைச்சு, கொஞ்சம் பருத்து, ஆனா எங்கயும் அறுந்து போகல. உச்சத்துக்கும் பள்ளத்துக்கும் வித்தியாசம் 8, 9 டெசிபல்தான் இருந்துச்சு. அதுக்கப்புறம் எனக்கு புடிச்ச ஒரு ட்ராக்கை எடுத்து, அதுல கிக்கும் பேஸும் மட்டும் வர்ற ஒரு பகுதியை அதே மாதிரி ஜூம் பண்ணி பாத்தேன். கட்டி, காலி, கட்டி, காலி. காலின்னா நிஜமாவே காலி, கோடு மாதிரி இருக்கு.

பந்து தட்டும்போது அது தரையில படற நேரம் கொஞ்சம்தான, மீதி நேரம் காத்துலதான இருக்கு. நான் போட்டிருந்த பேஸ் தரையிலயே உருண்டுட்டு இருந்துச்சு.

சரி, இப்ப கேள்வி மாறிடுச்சு. சவுண்டை எப்படி மாத்தறதுங்கறதை விட்டுட்டு, அந்த காலி இடத்தை யார் நிரப்பிட்டு இருக்கான்னு தேட ஆரம்பிச்சேன். ஒருத்தன் இல்ல, நாலு பேர்.

முதல் ஆள் பேஸோட ரிலீஸ், அதாவது நோட் முடிஞ்ச அப்புறமும் இழுக்கற வால். 126 பிபிஎம்ல ஒரு பீட் 476 மில்லி செகண்ட், ஒரு ஸ்டெப் 119. என் மிடி நோட் ரெண்டு ஸ்டெப் நீளம், 238. அதாவது 3ல ஆரம்பிச்சு சரியா அடுத்த கிக் வரைக்கும் ஒலிக்குது. அது போக ஆம்ப் என்வலப்ல (சத்தம் ஏறி இறங்கற செட்டிங்) ரிலீஸ் 180 மில்லி செகண்ட் வச்சிருந்தேன், அது கிக்கு மேலயே ஏறி உக்காருது. ப்ரீசெட் செஞ்சவர் அப்படி வச்சிருந்தார், நான் தொடவே இல்ல. தனியா கேக்கும்போது வால் நீளமா இருந்தா அழகா இருக்கும், அதான் ப்ரீசெட்ல எல்லாம் அப்படி வைக்கறாங்கன்னு நினைக்கறேன்.

ரெண்டாவது ஆள் நான் சந்தேகப்படவே இல்லாதவன், கிக். அந்த சாம்பிள் 310 மில்லி செகண்ட் நீளம். பேஸ் வர்ற 3ஆவது ஸ்டெப் 238ல ஆரம்பிக்குது, அப்ப கிக்கோட வால் இன்னும் முடியல. ரெண்டு பேரும் 40லேர்ந்து 60 ஹெர்ட்ஸ்ல ஒரே வாசல்ல நின்னு முட்டிக்கறாங்க. பேஸ்ல துள்ளல் இல்லன்னா பேஸைத்தான் எல்லாரும் திருத்துவோம், நானும் அதான் பண்ணேன், பாதி குத்தம் கிக் மேல இருந்துச்சு.

மூணாவது ஆள் சைட்செயின், இதுதான் எனக்கு பெரிய அடி. கிக் அடிக்கும்போது பேஸ் இறங்கணும்னு, சத்தத்தை அமுக்கற கம்ப்ரெசர் போட்டிருந்தேன், அது பிடியை விடற நேரம், அதாவது ரிலீஸ், 220 மில்லி செகண்ட். கிக்கே 310 நீளமா இருந்தா கம்ப்ரெசர் கிக்கோட வால் த்ரெஷோல்டுக்கு கீழ இறங்கற வரைக்கும் புடிச்சுட்டே இருக்கும், அதுக்கப்புறம்தான் 220ல மெல்ல விட ஆரம்பிக்கும். கணக்கு போட்டு பாருங்க, பேஸ் முழு உயரத்துக்கு வர்றதுக்கு 4ஆவது ஸ்டெப்பும் தாண்டிடுது, அதாவது 357க்கு மேல, அடுத்த கிக்குக்கு நூறு மில்லி செகண்ட்தான் பாக்கி. மிடில நான் 3ல போட்டிருக்கேன், காதுல அதோட எடை 4ல விழுது. அடின்னு எதுவும் கேக்கல, ஒரு வீக்கம் மாதிரி எழும்பி எழும்பி அடங்குது. ஃப்ரெஞ்ச் ஹவுஸ்ல வர்ற அந்த மூச்சு வாங்கற பம்பிங் வேணும்னா இது சரி, அது ஒரு தனி அழகு. எனக்கு வேண்டியது அது இல்ல.

நாலாவது ஆள் சிரிப்பு. பேஸ் பஸ்ல ஒரு சின்ன ரூம் ரிவெர்ப் (எதிரொலி எஃபெக்ட்) இருந்துச்சு, எப்ப போட்டேன்னே நினைவில்ல. தூக்கி எறிஞ்சாச்சு.

ஏழாவது வெர்ஷன்ல எல்லாத்தையும் வெட்டினேன். நோட் நீளம் 70 மில்லி செகண்ட், ரிலீஸ் 5, கிக்கை 170ல ஃபேட் பண்ணி முடிச்சேன், கம்ப்ரெசரை தூக்கிட்டு வால்யூம் ஷேப்பர் போட்டேன், முதல் 90 மில்லி செகண்ட் முழு பள்ளம், 115ல முழு உயரம், நடுவுல வளைவு. இந்த ஷேப்பர் கிக்கோட சத்தத்தை கேட்டு முடிவு பண்ணாது, நான் வரைஞ்ச கோட்டை அப்படியே ஓட்டும், அதான் எனக்கு வேணும்.

ப்ளே பண்ணா, துள்ளுது! ஆனா சொத்தையா இருக்கு. ஒல்லியா, க்ளிக் க்ளிக்னு, பேஸே இல்லாத மாதிரி.

இங்கதான் நிறைய பேர் பயந்து பழைய நீள நோட்டுக்கே திரும்பிடறாங்கன்னு நினைக்கறேன், நானும் திரும்பற விளிம்புல இருந்தேன். ஒரு விஷயம், நோட்டை பாதியா வெட்டினா மொத்த சக்தியும் குறையும், அதே ஃபேடர் லெவல்ல கேட்டா சத்தம் கம்மியா இருக்கும், சத்தம் கம்மியா இருந்தா நம்ம காதுக்கு மோசமாத்தான் தோணும். ரெண்டு வெர்ஷனையும் ஒரே லவுட்னெஸ்ஸுக்கு கொண்டு வந்து மாத்தி மாத்தி கேக்கணும். அப்படி கேட்டப்ப பாதி பயம் போயிடுச்சு. மீதி பாதி நிஜமான பிரச்சனை, அது இயற்பியல்.

ட்ராக் எஃப் மைனர். சப் அடிக்கறது எஃப்1, அதாவது 43.65 ஹெர்ட்ஸ். ஒரு முழு அலை முடிய 23 மில்லி செகண்ட் ஆகுது. 70 மில்லி செகண்ட் நோட்ல மூணே மூணு அலைதான் உள்ள போகும், மூணு அலைக்குள்ள காது இது என்ன ஸ்வரம்னு புடிக்கவே திணறும், எடையும் சேராது. அந்த க்ளிக் சத்தமும் இதனாலதான், 5 மில்லி செகண்ட் ரிலீஸ்ல ஒரு அலையை நடுவுல கத்தரிச்சா க்ளிக் வராம என்ன வரும். ரிலீஸை 28க்கு ஏத்தினதும் க்ளிக் போச்சு. நீளத்துக்கு, ரெண்டு லேயரையும் பிரிச்சேன். மேல வர்ற மிட் லேயர் 65 மில்லி செகண்ட்ல முடிஞ்சுடும், கீழ இருக்கற சைன் மட்டும் 110 வரைக்கும் போகும். துள்ளல் கேக்கறது மிட்ல, எடை வர்றது சப்ல, ரெண்டும் ஒரே நேரத்துல நிக்கணும்னு அவசியம் இல்ல.

அதோட ட்ராக்கையே ரெண்டு செமிடோன் மேல தூக்கி ஜி மைனர் ஆக்கிட்டேன். வோக்கல் இல்லாததால சுலபம். ஜி1ன்னா 49 ஹெர்ட்ஸ், அலை 20 மில்லி செகண்ட், அதே நோட்டுக்குள்ள இன்னும் கொஞ்சம் அலை அடங்கும். கிக்கையும் ஜிக்கு ட்யூன் பண்ணணுமான்னு கேட்டா, வால் நீளமா இருந்தா ஆமா, 170ல வெட்டின கிக்குக்கு நான் மெனக்கெடல.

அப்பதான் கூத்து ஆரம்பிச்சுது. ஜிக்கு மாத்தினதும் சப் காணாம போச்சு. மீட்டர்ல ஆடுது, காதுல இல்ல. மிட் லேயரும் சப்பும் ஒண்ணையொண்ணு அழிச்சுக்குதுன்னு நினைச்சு போலாரிட்டியை திருப்பி (அலையை தலைகீழாக்கி), ஸ்டார்ட் ஃபேஸை (அலை ஆரம்பிக்கற இடம்) நகத்தி, ரெண்டு மணி நேரம் போச்சு. சப்பை 6 டெசிபல் ஏத்தினேன். ஹெட்ஃபோன் மாட்டினா காது கிழியுது. என்னடா இதுன்னு சேரை பின்னாடி தள்ளி எந்திரிச்சு சுவத்துக்கிட்ட போனேன், அங்க மலை மாதிரி பேஸ் நிக்குது.

ரூம் நீளம் மூணரை மீட்டர். ஒலி ஒரு நொடிக்கு 343 மீட்டர் போகுது, அதை ரூம் நீளத்தோட ரெண்டு மடங்கால வகுத்தா 49. என் ரூமோட முதல் மோடும் (ரூமே ஒத்து அதிர்ற ஃப்ரீக்வென்சி) ஜி1ஓட ஃப்ரீக்வென்சியும் ஒண்ணு! அந்த மோட்ல சுவர் ஓரம் அழுத்தம் அதிகம், சரியா நடுவுல பூஜ்யம், நான் உக்காந்திருந்தது நடுவுல. எஃப்ல இருந்தப்ப ஏன் இவ்ளோ மோசமா தெரியலன்னா 43.65 அந்த பள்ளத்துலேர்ந்து கொஞ்சம் தள்ளி இருந்துச்சு, அவ்ளோதான். சேரை முன் சுவர்லேர்ந்து ஒண்ணேகால் மீட்டர்ல வச்சேன், ஏத்தின 6 டெசிபலை இறக்கினேன், இனிமே சப் விஷயத்துல முடிவெல்லாம் ஹெட்ஃபோன்லதான்னு வச்சுக்கிட்டேன். பேஸ்லைன் வேலை பாக்கறவங்க ஒரு தடவை ரூமை டேப் வச்சு அளந்து இந்த வகுத்தல் போட்டு பாத்துடுங்க, ப்ளக்-இன் வாங்கறதுக்கு முன்னாடி.

அந்த ரெண்டு மணி நேரத்துல ஒரு நல்லதும் நடந்துச்சு. ஃபேஸை நோண்டினப்ப சீரம்ல ஆசிலேட்டரோட ராண்டம் குமிழ் முழுசா திறந்திருந்ததை பாத்தேன். அதாவது ஒவ்வொரு நோட்டும் அலையோட வேற வேற இடத்துலேர்ந்து ஆரம்பிக்குது. பேடுக்கு (நீளமா இழுக்கற பின்னணி சவுண்ட்) அது வேணும், உயிரோட்டமா இருக்கும். மூணு நாலு அலைதான் மொத்தமே ஒலிக்கப்போற பேஸ்ல ஆரம்பம் மாறினா ஒரு நோட் பலமாவும் அடுத்தது மொக்கையாவும் விழும். ராண்டமை பூஜ்யம் பண்ணதும் எல்லா நோட்டும் ஒரே மாதிரி அடிச்சுது. சப்பை பூஜ்யத்துலேர்ந்து ஆரம்பிக்க விட்டேன், மிட் லேயரை மட்டும் அலையோட உச்சிக்கு பக்கத்துலேர்ந்து ஆரம்பிச்சேன், அதுல வர்ற குட்டி டிக் சத்தம் நகம் தட்டற மாதிரி நல்லாவே இருந்துச்சு.

ஒன்பதாவது வெர்ஷன். இப்ப இடைவெளி இருக்கு, எடை இருக்கு, ஆனா ரோபோ மாதிரி இருக்கு. இங்க வந்துதான் பேட்டர்ன்ல கை வச்சேன். எல்லாரும் முதல்ல பேட்டர்ன்லேர்ந்து ஆரம்பிப்பாங்க, இடைவெளி அடைஞ்சு கிடக்கும்போது எந்த பேட்டர்ன் போட்டாலும் ஒரே மாதிரிதான் கேக்கும், அதனால எனக்கு இந்த வரிசை சரியாப் பட்டுச்சு.

ஆஃப்பீட் நாலும் அப்படியே. 4லயும் 12லயும் ஒரு கோஸ்ட் நோட் (மெல்லிசா தொட்டு விடற நோட்), வெலாசிட்டி (அடியோட பலம்) 55, முக்கிய நோட் எல்லாம் 110. 12ல வர்றது ஒரு ஆக்டேவ் மேல. 15ல பி ஃப்ளாட், 16ல எஃப், அந்த ரெண்டுக்கும் நடுவுல மட்டும் 40 மில்லி செகண்ட் க்ளைடு (ஒரு ஸ்வரத்துலேர்ந்து அடுத்ததுக்கு வழுக்கறது). இப்ப ரெட்டைப்படை ஸ்டெப்ல நோட் வந்துடுச்சு இல்லையா, ஸ்விங்கை 56 வச்சேன், கோஸ்ட் நோட் ஒவ்வொண்ணும் 14 மில்லி செகண்ட் தள்ளிப் போகுது, உடனே இடுப்பு அசையுது. 62க்கு போனா 29 மில்லி செகண்ட் ஆகிடும், தள்ளாட ஆரம்பிச்சுடுது. ஹேட்டுக்கும் அதே 56தான், ஹேட் ஒரு ஸ்விங் பேஸ் ஒரு ஸ்விங்னு வச்சா ரெண்டு பேர் வேற வேற பாட்டுக்கு ஆடற மாதிரி இருக்கும். கிக்கும் கிளாப்பும் நகரவே கூடாது.

வெலாசிட்டியை சும்மா சத்தத்துக்கு மட்டும் கட்டினா கோஸ்ட் நோட் தூரத்துல போன மாதிரி கேக்குது. 1981ல வந்த ரோலண்ட் டிபி-303 பேஸ் சின்த்ல ஆக்சென்ட் போட்டா சத்தமும் ஏறும் ஃபில்டரும் கூட திறக்கும், அந்த யோசனையை எடுத்துக்கிட்டேன். வெலாசிட்டி 110னா ஃபில்டர் ஆயிரத்து சொச்சம் ஹெர்ட்ஸ் வரைக்கும் திறந்து 90 மில்லி செகண்ட்ல மூடும், 55னா 400 கூட தாண்டாது. ஒரே ஆள் ஒரு தடவை உரக்க ஒரு தடவை வாய்க்குள்ள பேசற மாதிரி வந்துச்சு.

ரெண்டாவது பார்ல 3ஆவது ஸ்டெப்பை எடுத்துட்டேன். அவ்ளோ எதிர்பார்த்துட்டு இருக்கற இடத்துல ஒண்ணுமே வரலன்னா உடம்பு தானா அங்க ஒரு அடி போட்டுக்குது. இந்த ஒரு டெலீட் கீதான் மொத்த ட்ராக்லயும் எனக்கு ரொம்ப புடிச்ச முடிவு.

சைட்டா ஒண்ணு. சைட்ரான்ஸ்ங்கற வேகமான டான்ஸ் மியூசிக்ல கிக்குக்கு அப்புறம் மூணு ஸ்டெப்லயும் பேஸ் வந்து குதிரை ஓட்டமா போகுமே, அதுக்கு இந்த கோஸ்ட் நோட்டும் ஸ்விங்கும் சரிவராது. 145 பிபிஎம்ல ஒரு ஸ்டெப் 103 மில்லி செகண்ட்தான், அங்க மூணு நோட்டும் சமமா, நேரா, சுத்தமா நிக்கறதுதான் ஓட்டம். ஆனா அங்கயும் ஒரு நோட்டோட வால் அடுத்ததை தொட்டுச்சுன்னா காரியம் கெட்டுச்சு.

பத்தாவது வெர்ஷனை மொபைல்ல போட்டேன், பேஸே இல்ல. எதிர்பார்த்ததுதான், அவ்ளோ சின்ன ஸ்பீக்கர்ல 49 ஹெர்ட்ஸ் வராது. குறைஞ்ச சத்தத்துல கேட்டாலும் கீழ் ஃப்ரீக்வென்சிதான் முதல்ல காதை விட்டுப் போகும், ஃப்ளெட்சர், மன்சன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 1933லயே அளந்து காமிச்சது. மிட் லேயர்ல சேச்சுரேஷன் போட்டு மேல இருக்கற ஹார்மானிக்ஸை தூக்கினேன், 98, 147, 196ன்னு போகும் இல்லையா, அதுல மேல இருக்கறது கேட்டாலே மூளை கீழ 49 இருக்கறதா நினைச்சுக்கும். கூடவே மெல்லிசா ஒரு எஃப்எம் லேயர் (ஒரு அலை இன்னொண்ணை அசைச்சு வர்ற சவுண்ட்), ரெண்டே ஆபரேட்டர், அசைக்கற மாடுலேட்டர் 60 மில்லி செகண்ட்ல செத்துடும், டொங்க்னு மரத்துல தட்டற மாதிரி ஒரு சத்தம். இந்த குடும்பத்து சத்தத்துக்கெல்லாம் தாத்தா 1987ல வந்த யமஹா டிஎக்ஸ்81ஸட் (TX81Z), கீபோர்டு இல்லாம ராக்ல மாட்டற எஃப்எம் சின்த். அதுல 'லேட்லி பேஸ்'னு ஒரு ப்ரீசெட் இருக்கு, கேட்டா உங்களுக்கே அடையாளம் தெரியும். 120 ஹெர்ட்ஸுக்கு கீழ எல்லாம் மோனோ.

பதினொண்ணுல மாஸ்டர் லிமிட்டரை (மொத்த சத்தத்துக்கும் உச்சவரம்பு வைக்கறது) மட்டும் தொட்டேன். லிமிட்டரை அழுத்தி தள்ளினா கட்டி அமுங்கும், காலி மேல ஏறும், கஷ்டப்பட்டு வெட்டின பள்ளம் எல்லாம் மறுபடி தூர்ந்து போகும். 2 டெசிபல் கம்மியா தள்ளினேன். பஸ்ஸை திரும்ப எடுத்து ஜூம் பண்ணா உச்சத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவுல 30 டெசிபலுக்கு மேல, கயிறு அறுந்துடுச்சு.

இன்னும் ஒரு இடம் சரியா வரல. ரெண்டாவது ட்ராப்ல (பீட் முழுசா வந்து இறங்கற பகுதி) கார்ட் ஸ்டாபோட டிலே (திரும்ப திரும்ப வர்ற எதிரொலி) வந்து அதே காலி இடத்துல உக்காந்துக்குது, அங்க துள்ளல் பாதியா குறையுது, டிலேவை வெட்டினா ட்ராப் வெறிச்சோடி போகுது. டிலேக்கும் அதே வால்யூம் ஷேப்பர் போட்டு ஒப்பேத்தி இருக்கேன், எனக்கு முழு திருப்தி இல்ல.

நண்பருக்கு அனுப்பினேன். ராத்திரி பதில் வந்துச்சு. "இப்ப கால் நகருது மச்சி. ஹேட்தான் ரொம்ப கத்துது."